தண்ணீர் ஊற்றாத கழிப்பறை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கேள்வி: தண்ணீர் ஊற்றாவிட்டால் நாறாதா?

சிறுநீரும் மலமும் கலப்பதுதான் அந்த நாற்றத்துக்குப் பெரிய காரணம். கலந்ததும் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அதனால்தான் உலர் கழிப்பறையில் முன்பக்கம் சிறுநீருக்குத் தனி வழி, பின்பக்கம் மலத்துக்குத் தனித் துளை. போய் முடித்ததும் இரண்டு கைப்பிடி சாம்பல் தூவுங்கள். ஈரம் வற்றும், ஈ அண்டாது. இங்கிலாந்தில் ஹென்றி மூல் என்ற பாதிரியார் காய்ந்த மண்ணை வைத்தே இதைச் செய்து, 1860-இல் காப்புரிமையும் வாங்கினார்.

கேள்வி: கால் கழுவ வேண்டாமா?

தாராளமாகக் கழுவலாம், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து. அந்த நீருக்கு மூன்றாவது வழி உண்டு. அதிலும் கிருமி இருக்கும் என்பதால் சரளை நிரப்பிய கல்வாழைப் பாத்திக்குள் மண்ணுக்கடியில் விடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் விருந்தாளி ஒருவர் பழக்கதோஷத்தில் மலத்துளைக்குள் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டார். சாம்பலும் மரத்தூளும் மாற்றி மாற்றிப் போட்டும் இரண்டு நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

கேள்வி: எப்போது எருவாக அள்ளலாம்?

தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். குடற்புழு முட்டை லேசில் சாகாது. மலத்துளைக்குக் கீழே உள்ள ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். மூடிய நாளிலிருந்துதான் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் ஓராண்டுக்கு மேல், குளிரான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. முதல்முறை தொட்டியைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குனிந்தேன். மண்வெட்டியில் வந்தது சாம்பல் நிறத்தில் பொலபொலவென்ற மண். மழைக்குப் பிந்தைய தோட்ட வாசனைதான் வந்தது.

கேள்வி: சிறுநீரை என்ன செய்வது?

ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 லிட்டர் வரும். நம் கழிவிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. மூடிய கேனில் 20 டிகிரி வெப்பத்தில் 6 மாதம் வைத்து, தண்ணீர் கலந்து வேரடி மண்ணில் ஊற்றுங்கள். கேன் திறந்தே கிடந்தால் சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் தண்ணீரில்லாச் சிறுநீர்க் கோப்பை பயங்கரமாக நாறுகிறது. ஏன்?

துப்புரவுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். எண்ணெய் அடைப்பு வைத்த வகை என்றால், மேலே மிதக்கும் எண்ணெய்தான் வாடையைத் தடுக்கும் மூடி. வாளித் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: சோப்புக்குப் பதில் சானிடைசர் போதுமா?

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் போதாது. புழு முட்டையையும் அது கொல்லாது. தொட்டி அள்ளிய கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான்.