16 வயதுப் பெடியனுக்குக் கொழுப்புக் கரைக்கிற குளிசை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஓ.எல். எழுதிவிட்டு ஜிம்முக்குப் போகிறான். போன கிழமை அவனுடைய பையில் "கொழுப்பு கரையும்" என்று எழுதிய குளிசைப் போத்தல் ஒன்று இருந்தது. ரவுனில் ஒரு கடையில் வாங்கினானாம், வயதே கேட்கவில்லையாம். நாங்கள் நாலைந்து அம்மாமார் போய் நிறுத்தச் சொன்னால் எடுபடுமா?
– ஓர் அம்மா, உவர்மலை, திருகோணமலை

பதில்: போங்கள் அக்கா, கட்டாயம் போங்கள். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில், மெலிவதற்கும் தசை வளர்ப்பதற்கும் என்று விற்கிற இப்படியான சாமான்களை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க 2024 ஏப்ரலில் இருந்து தடை. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 2022 இல் ஆளுநர் ஒப்பமிட மறுத்துவிட்டார், கேட்டவர்கள் விடவில்லை, அடுத்த வருடம் திருத்திக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கினார்கள்.

ஆனால் ஒன்று, எல்லாப் பவுடரையும் நிறுத்து என்று போய் நிற்காதீர்கள். மெலிய வைக்கும் பொருள் கலக்காத வெறும் புரோட்டீன் பவுடரை நியூயோர்க் சட்டமும் தொடவில்லை. பயப்பட வேண்டியது கொழுப்புக் கரைக்கிற குளிசைக்குத்தான், ஏனென்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை லேபிள் எப்போதும் உண்மையாகச் சொல்வதில்லை. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் "மூலிகை" என்று விற்ற மெலிவுக் குளிசைகளில் திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கிறது. வளர்கிற பிள்ளையின் இதயத்தோடு இப்படி விளையாடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, கடையில் என்ன கேட்பது? இந்தப் போத்தல்களைக் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள், வயதைக் கேளுங்கள், இவ்வளவுதான். சிகரெட்டை 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று நம் நாட்டில் 2006 இல் இருந்து சட்டம் இருக்கிறது, ஆகவே வயது கேட்பது கடைக்காரருக்குப் புதிய வேலை இல்லை. முதலில் ஜிம் மாஸ்டரிடம் கதையுங்கள், பெடியள் அவர் சொன்னால்தான் கேட்பார்கள். அப்புறம் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எல்லோரும் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று கொடுங்கள்.

மகனை ஏச வேண்டாம். நெஞ்சு படபடக்கிறதா, நித்திரை வராமல் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆம் என்றால் அன்றைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். கோபத்தில் போத்தலை எறிந்துவிடாதீர்கள். டொக்டருக்கும் பரிசோதகருக்கும் அந்த லேபிளும் தொகுதி இலக்கமும் வேண்டும்.