வீட்டு பேஸ்மென்ட்டில் ஹீட்டிங் ஆயில் வாடை அடிக்கிறது. டேங்க் கசிகிறதா, ஆபத்தா, வாடையை எப்படிப் போக்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பழைய வீடு வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், பேஸ்மென்ட் மூலையில், வீட்டைச் சூடாக்க பாய்லரில் எரிக்கிற எண்ணெய்க்கு ஒரு 275 கேலன் இரும்பு டேங்க் நாலு காலில் நிற்கும், கொஞ்ச நாளாக மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி, வாசனை மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தும் போகவில்லை. சரிதானே? "பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்லியும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்ன ஆள் நான்தான், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடையில் இரண்டு ரகம். பச்சை எண்ணெய் நெடி ஒன்று, கருகிய புகை நெடி இன்னொன்று. பாய்லர் ஓடும்போது கருகல் வாடை, சுவரில் கரி, எண்ணெயை எரிக்கிற பர்னர் பிடிக்கும்போது 'டொப்' என்று ஒரு சத்தம், இதெல்லாம் இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். பேஸ்மென்ட் படிக்கட்டு மேலே சிவப்புத் தகட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911, இங்கே அமெரிக்காவில் அவசர எண், அதைக் கூப்பிடுங்கள். அந்த விஷவாயுவுக்கு வாடையே கிடையாது, மூக்கை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பச்சை நெடி என்றால் அந்த அளவு பதற வேண்டாம். இது டீசலுக்குப் பங்காளி, பெட்ரோல் மாதிரி சட்டென்று ஆவியாகிப் பற்றிக்கொள்ளாது. லாரி வந்து நிரப்பிவிட்டுப் போன அன்றும் மறுநாளும் லேசாக நெடி இருப்பது சகஜம். உள்ளே எண்ணெய் ஏற ஏற டேங்க்கில் இருந்த காற்று வெளிச்சுவரில் இருக்கும் வென்ட் பைப் வழியாக வரும், கூடவே ஒரு விசில் சத்தம் கேட்கும். விசில் நின்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம், பம்ப்பை நிறுத்த வேண்டியதுதான். மூன்று நாள் தாண்டியும் நெடி போகவில்லை என்றால் அது டெலிவரி வாடை இல்லை, எங்கேயோ கசிகிறது.

இனி எங்கள் கதை. மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம், 1950களில் கட்டிய வீடு, 2021இல் வாங்கினோம். அந்த வருடம் இங்கே வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், கேட்ட விலைக்கு மேலே கொடுக்கிறேன் என்று ஒரு கூட்டமே வரிசையில் நிற்கும். 'இன்ஸ்பெக்ஷன் வேண்டாம்னு எழுதிக் கொடுங்க, இல்லேன்னா வீடு கிடைக்காது' என்று எங்கள் ஏஜென்ட் சொன்னார், நாங்களும் எழுதிக் கொடுத்தோம். சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஜனம் நாம், ஆயுசுக்கும் கடன் கட்டப் போகிற வீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டோம். கமிஷன் வாங்கிய கையோடு அந்த ஏஜென்ட் இன்றுவரை போனை எடுப்பதில்லை. அதைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம், விடுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கு உதவியாக அம்மா ஜனவரியில் சாத்தூரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த அறை பேஸ்மென்ட்டில். "பெத்த தாயை நிலவறையில போட்டுட்டான்" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்களுக்கு: சுவர் பூசி, தரை போட்டு, ஹீட்டர், ஜன்னல், பக்கத்திலேயே பாத்ரூம் எல்லாம் இருக்கிற அறை அது. குழந்தை ராத்திரியில் அழுதால் அங்கேதான் சத்தம் கேட்காது, அம்மாவே கேட்டு வாங்கிய அறை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாய்லரும் டேங்க்கும்.

வந்த மூன்றாம் நாள் காலையில் அம்மா சொன்னார்கள், "ஏண்டா, வீட்டுக்குள்ள சீமெண்ணெய் வச்சிருக்கீங்களா?" நான் சிரித்தேன். இங்கே சீமெண்ணெய் ஏதும்மா, பழைய வீட்டு வாடை என்றேன். ஒரு வாரம் தலைவலி என்றார்கள், குளிர் என்று மாத்திரை கொடுத்தேன். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று, திரி ஸ்டவ்வில் இருபது வருடம் சமைத்த மனுஷிக்கு அது என்ன நெடி என்று தெரியாதா? எங்களுக்கு மூக்கு மரத்துப் போயிருந்தது. நாலு நாள் ஒரே வாடையில் இருந்தால் மூளை அதைக் கணக்கிலேயே எடுக்காது, இது எல்லாருக்கும் நடப்பதுதான். அதனால் உங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் மூக்கைச் சுளித்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆயில் கம்பெனிக்குப் போன் செய்தேன். வந்தவர் டேங்க் அடியில் இருக்கும் ஃபில்டரை மாற்றி, செப்புக் குழாய் மூட்டுகளை முறுக்கி, துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். போகும்போது, மேலே தாளித்துக்கொண்டிருந்த வாசனை வந்ததோ என்னவோ, உங்கள் சமையலாகவும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை. அதை அம்மாவிடம் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. "கடுகு தாளிச்சா சீமெண்ணெய் வாடை வரும்னு இவனுக்கு எவன் சொன்னான்?" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்ததும் தப்பில்லை, முக்கால்வாசிக் கசிவு ஃபில்டர் வாஷரிலோ மூட்டிலோதான் இருக்கும், நீங்களும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நானும் என் பங்குக்குச் சுவரில் செருகும் வாசனை மெஷின் வாங்கி வைத்தேன், சாம்பிராணி போடலாமா என்றுகூடக் கேட்டேன். "எண்ணெய் வாடைக்கு எவனாவது நெருப்பைக் கொண்டு போவானா" என்று திட்டு விழுந்தது.

அம்மா ஊரிலிருந்து தினசரி காலண்டர் கொண்டு வந்திருந்தார்கள், கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்தும் வைத்திருந்தார்கள். ஒரு ராத்திரி எனக்குத் தெரியாமல் பத்துப் பன்னிரண்டு தாளை டேங்க்குக்கு அடியில் புள்ளி வைத்த மாதிரி வரிசையாகப் பரப்பிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் என்னை எழுப்பிக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். பதினொரு தாள் சுத்தம். பின்பக்கக் காலுக்குப் பக்கத்தில் இருந்த தாளில் மட்டும் எட்டணா அகலத்துக்கு இளஞ்சிவப்பில் ஒரு வட்டம், சரியாகச் சந்திராஷ்டமம் போட்டிருந்த இடத்தில், தாள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது. டேங்க்கின் அடிவயிற்றில் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ரேஷன் எண்ணெய் நீலமா இருக்கும், இது செவப்பா இருக்கு" என்றார்கள். காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊரில் மானிய மண்ணெண்ணெயைக் கலப்படத்துக்குக் கடத்தக் கூடாது என்று நீலச் சாயம், இங்கே சாலை வரி இல்லாத எண்ணெயை லாரிக்கு ஊற்றக் கூடாது என்று சிவப்புச் சாயம்.

டேங்க் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. முன்னாடி இருந்தவர் பெயின்ட் அடித்திருந்தார். இந்த இரும்பு டேங்க்குகள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். காற்றின் ஈரம் உள்ளே வியர்த்து, தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கி, வண்டலோடு சேர்ந்து வருடக்கணக்கில் தின்னும். அதனால் பக்கவாட்டைத் தட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது, அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வியர்த்த மாதிரி பிசுபிசுப்பாக இருந்தால் முடிந்தது. செப்புக் குழாய் சிமென்ட் தரைக்குள் புதைந்து பாய்லருக்குப் போகிறதா என்றும் பாருங்கள். உறை இல்லாமல் சிமென்ட்டில் உட்கார்ந்த செம்பு அரித்துப் போகும், கசிந்தால் கண்ணுக்கே தெரியாமல் மண்ணுக்குள் இறங்கும்.

மறுபடியும் ஆள் வந்து காந்தத்தில் ஒட்டும் ஒரு பட்டையை ஓட்டை மேல் பிடித்து வைத்தார், இரண்டு நாளில் புது டேங்க். உள்ளே பிளாஸ்டிக், வெளியே இரும்புத் தகடு என்று இரண்டு சுவர் இருக்கிற ரகம், எண்ணெயை மேலேயிருந்து உறிஞ்சும். தீயணைப்புத் துறை பெர்மிட்டையும் சேர்த்து மூவாயிரம் டாலருக்கு மேல் ஆனது. கேஸ் லைனுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்காதீர்கள், எங்கள் தெருவில் கேஸ் லைன் இல்லை. ஹீட் பம்ப் போட்டிருக்கலாமே என்பவர்கள் என் பேங்க் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தரையில் ஊறியதுதான் பெரிய பாடு. சிமென்ட் பஞ்சு மாதிரி குடித்துவிடும். பூனைக்குப் போடுகிற களிமண் குருணையைக் கொட்டி, செருப்பால் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு அள்ளினேன். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், பிரஷ். மறுபடி குருணை. நாலு தடவை. கழுவிய தண்ணீரையும் துணியால் ஒற்றி எடுங்கள், பேஸ்மென்ட் தரையில் இருக்கும் வடிகால் பக்கம் தள்ளாதீர்கள். பிளீச் ஊற்றாதீர்கள், எண்ணெய்க்கு அது ஒன்றும் செய்யாது, இரண்டு நெடி ஆகிவிடும். எண்ணெய் பட்ட துணியை டிரையரில் போடவே கூடாது. அள்ளிய குருணையை மூடி போட்ட வாளியில் வைத்திருந்து, டவுனில் அபாயக் கழிவு வாங்கும் நாளில் கொண்டு போய்க் கொடுத்தேன். நெடி முழுக்கப் போக இரண்டு மாதம் ஆனது, அப்புறம்தான் எபாக்ஸி பெயின்ட் அடித்தோம். நெடி இருக்கும்போதே அடித்தால் பெயின்ட் உரிந்து வரும். அதுவரை அம்மா ஹாலில் சோபாவில்தான் படுத்தார்கள். தலைவலி மூன்றே நாளில் நின்றுவிட்டது, நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை, அவர்களும் பேசவில்லை.

எங்களுக்குக் கசிந்தது ஒரு கேலனுக்கும் கீழே. இந்த மாநிலத்தில் 10 கேலன் அல்லது அதற்கு மேல் கொட்டினால் 2 மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவும் வீட்டுக்காரர் தலையில்தான். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் இதற்குப் பொதுவாகப் பணம் தராது. குழாய்க்கு உறையோ பாதுகாப்பு வால்வோ போட்டிருந்தால் தனியாக ஒரு கவரேஜ் கேட்டு வாங்கலாம், 2010லிருந்து மாசசூசெட்ஸில் கம்பெனிகள் அதைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீங்கள் வேறு மாநிலம் என்றால் உங்கள் ஊர் விதியைக் கேளுங்கள்.

இன்று ராத்திரியே வெள்ளைத் தாளைப் பரப்பிவிட்டுப் படுங்கள். ஃபில்டருக்கு அடியில் ஒன்று, மூட்டுகளுக்கு அடியில், நாலு காலுக்கும் பக்கத்தில், பர்னருக்குக் கீழே. வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், உறிஞ்சாது. ஒருவேளை டேங்க்கையே எடுத்துவிட்டு வேறு ஹீட்டிங்குக்கு மாறினால், வெளிச்சுவரில் இருக்கும் நிரப்புகிற குழாயையும் அன்றைக்கே பிடுங்கச் சொல்லுங்கள். டேங்க் போய்க் குழாய் மட்டும் நின்ற வீடுகளில், விலாசம் மாறி வந்த லாரிக்காரர் அதில் ஹோஸை மாட்டி நேராகப் பேஸ்மென்ட் தரையில் எண்ணெயை இறக்கிவிட்டுப் போனது இந்தப் பக்கம் நடந்திருக்கிறது.