அணைந்த லைட்டும் அழித்த எரரும்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து கிழமைக்கு முன் கல்முனையில் ஒரு கார் சேலில் பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார், 2013 டொயோட்டா அக்குவா ஒன்று வாங்கினேன். மூன்றாம் நாள் மட்டக்களப்புக்குப் போகையில் கல்லடிப் பாலத்தில் சிவப்பு முக்கோணமும் எஞ்ஜின் லைட்டும் எரிந்தன. ஓரமாக நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ண இரண்டும் போய்விட்டன. டவுனில் ஒரு கராஜில் காரின் கணினிக்கு ஸ்கேன் போட்டோம், என் தம்பி ஸ்கிரீனைப் படம் எடுத்து வைத்தான். பிறகு சேல்காரர் இரண்டு தரம் கணினியில் பதிந்த எரரை அழித்துத் தந்தார். மத்தியான வெயிலில் ஏசி போட்டு ஓடினால் திரும்பவும் எரிகிறது. இப்போது, "பழைய வாகனம், பார்த்துத் திருப்தியோட கையெழுத்து வெச்சீங்கதானே" என்கிறார். பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த பெயர்மாற்றப் படிவங்கள், ஓபன் பேப்பர்தான் கையில் இருக்கிறது, பெயர் மாற்றவில்லை. காசைத் திரும்ப வாங்கலாமா? ஒப்பந்தத்தையும் அந்தப் படத்தையும் அனுப்புகிறேன்.

பதில்: தம்பி, முதலில் ஒரு வேலை. இனி யாரையும், சேல்காரரையோ தெரிந்த மெக்கானிக்கையோ, எரரை அழிக்க விடாதீர்கள். லைட் அணைந்தால் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் அழிவது உங்கள் சாட்சியம். இதே மாதிரி ஒருவர் என்னிடம் வந்தபோது, பழைய பற்றரியைக் கழற்றிக் கராஜிலேயே கொடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தார். செலவுக்குப் பற்றுச்சீட்டு இருந்தது. என்ன பழுது, எப்போது வந்தது என்று காட்ட ஒன்றுமே இருக்கவில்லை.

உங்கள் நிலை அப்படியில்லை. உங்கள் தம்பி எடுத்த படத்தை இரண்டு மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பி0ஏ80 என்ற குறியீடு, அதாவது ஹைபிரிட் பற்றரி தேய்ந்துவிட்டது என்று கணினி சொல்கிறது. அதற்குக் கீழே எரர் அழித்த பிறகு ஓடிய தூரம் 151 கிலோமீற்றர் என்று இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லைப் போலும். ஒப்பந்தத்தில் எழுதிய மீட்டர் 112,340. படத்தில் தெரியும் மீட்டர் 112,486. வாங்கிய பிறகு நீங்கள் ஓடியது 146 கிலோமீற்றர். அப்படியானால் உங்கள் கைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றருக்கு முன்புதான் யாரோ கணினியைத் துடைத்திருக்கிறார்கள். உங்கள் வழக்கின் உயிர் இந்த ஐந்து கிலோமீற்றரில்தான் இருக்கிறது.

மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி சும்மா இருக்கமாட்டார். பன்னிரண்டு வோல்ட் சிறு பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் பதிவுகள் அழியும், சேலில் பல நாள் நின்ற வாகனத்துக்கு அப்படிச் செய்வது வழமை என்பார். அது நியாயமான வாதம். அதனால் இந்தப் படம் மட்டும் போதாது. சேலோடு தொடர்பில்லாத, ஹைபிரிட் வேலை தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை எடுங்கள். அக்குவாவின் பற்றரி 20 மொடியூல் சேர்ந்த 144 வோல்ட் தொகுதி. ஏசியோடு சுமை கொடுத்து ஓடவிட்டு, எந்தப் பகுதியில் வோல்ட் விழுகிறது என்று பதியச் சொல்லுங்கள். பின் சீற்றின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் ஒன்று இருக்கிறது. அதன் வலையில் தூசி அடைத்துக் கிடந்தாலும் பற்றரி சூடாகும், நம் ஊர் வெயிலில் இன்னும் கெதியாக. துடைப்பதற்கு முன் அதையும் படம் எடுங்கள். பன்னிரண்டு வோல்ட் பற்றரி பலவீனமாக இருந்தாலும் லைட்டுகள் கண்டபடி எரியும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். காரணம் அதுதான் என்று தெரிந்தால் அந்தச் சிறு பற்றரியை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓடுங்கள், வழக்கு வேண்டாம்.

இனிச் சட்டம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச்சட்டம் பொதுவாக வாங்குபவனைத்தான் கவனமாக இருக்கச் சொல்கிறது. ஆனால் விற்பனையையே தொழிலாகச் செய்பவரிடம் வாங்கினால் 15ஆம் பிரிவு உங்களுக்குத் துணை வரும். பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. பார்த்து வாங்கினால், பார்த்தபோது தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. துடைத்து வைத்த கணினிக்குள் இருக்கும் பழுது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? "திருப்தியோட கையெழுத்து" என்ற வரியைப் பார்த்துப் பயப்படவேண்டாம். வேண்டுமென்று மறைத்தது நிரூபணமானால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது.

முழுக் காசும் திரும்பக் கிடைக்குமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், கடினம். ஐந்து கிழமை ஓடியிருக்கிறீர்கள். பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள். அந்த வாதம் எடுபட்டால் மிஞ்சுவது நட்டஈடுதான். பற்றரியை மாற்றும் செலவு, அல்லது பழுதோடு அந்த வாகனத்தின் உண்மையான பெறுமதிக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். ஆனபடியால் இன்றைக்கே ஓட்டத்தைக் குறையுங்கள். பாடசாலைக்குக் கொஞ்ச நாள் பஸ்ஸில் போங்கள்.

இந்தக் கிழமைக்குள் ஒரு கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகவேண்டும். சேலுக்கு மட்டும் அனுப்பவேண்டாம், பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி. நாளைக்கு, "நாங்கள் கொமிஷனுக்கு வைத்துக் கொடுத்த ஆட்கள்தான்" என்று சேல்காரர் கைவிரிக்க இடமிருக்கிறது. ஓபன் பேப்பர் வியாபாரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு அது. அந்தக் கடிதம் போய்ச்சேரும் வரை பெயர்மாற்றப் படிவங்களைத் தொடாதீர்கள், பெயரை மாற்றியதையே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் காட்டுவார்கள். அதற்காக மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. இடையில் ஒரு விபத்து நடந்தால் இன்னொருவர் பெயரில் இருக்கும் வாகனத்தோடு நீங்கள்தான் அல்லாடவேண்டும். கடிதத்துக்குப் பதில் வந்ததும், வராவிட்டால் கொடுத்த தவணை முடிந்ததும், அதை முடிவுசெய்வோம்.

கடிதத்தோடு கூடவே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். உங்களுக்கு ஐந்து கிழமை போய்விட்டது. வர்த்தகர் ஏமாற்றும் நடத்தையில் ஈடுபடக்கூடாது என்று அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். இந்த வழி வர்த்தகருக்கு எதிராகத்தான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் வாங்கியிருந்தால் அவர் வாயால் என்ன உறுதி தந்தார் என்பதைத்தான் நாம் தேடவேண்டியிருக்கும்.

பொலிஸுக்குப் போகலாமா என்று வீட்டில் கேட்பார்கள். தண்டனைச் சட்டக்கோவை 398ஆம் பிரிவின் வஞ்சனைக்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டவேண்டும். நிபுணர் அறிக்கை வருமுன் போனால், "இது சிவில் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொறுங்கள். சிவில் வழக்கு என்றால் ஒப்பந்தம் எழுதிய கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடக் காலம் இருக்கிறது, அங்கே அவசரம் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். நீங்கள் எனக்கு அனுப்பியது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம். எடுத்த திகதியும் நேரமும் உள்ள மூலப் படம் தம்பியின் போனில்தான் இருக்கும். அந்தப் போனை விற்கவோ ரீசெட் பண்ணவோ வேண்டாம் என்று இன்றிரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.