வரத் தேவையில்லையா, வரக்கூடாதா?

கேள்வி: கோவையில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை கூட்டத்துக்கு நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்ல நினைத்து, ஒரு வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் நாட் கம் ஆன் சாட்டர்டே' என்று மெயில் அனுப்பினேன். அவர் கோபமாகப் போன் செய்தார். மஸ்ட் என்றால் 'வேண்டும்' தானே? அதோடு நாட் சேர்ந்தால் 'வேண்டியதில்லை' என்று ஆகாதா? கேன், குட், மே இவையும் குழப்புகின்றன.

பதில்: நீங்கள் போட்ட கணக்கு இயல்பானதுதான், பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 'மஸ்ட் நாட் கம்' என்பதில் நாட் மஸ்ட்டோடு சேராது. பின்னால் வரும் கம்மோடு சேரும். அதாவது 'வராமல் இருக்க வேண்டும்'. சுருக்கமாகச் சொன்னால், 'வரக்கூடாது'. அவருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. கட்டாயம் இல்லை என்று சொல்ல 'டோன்ட் ஹாவ் டு' அல்லது 'நீட் நாட்' போட வேண்டும்.

நல்ல வேளையாக, இந்த வித்தியாசம் தமிழிலேயே தெளிவாக இருக்கிறது. எழுதும் முன் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'கூடாது' என்று வந்தால் மஸ்ட் நாட், 'தேவையில்லை' என்று வந்தால் டோன்ட் ஹாவ் டு. 'வர வேண்டாம்' என்று மட்டும் சொல்லிப் பார்க்காதீர்கள், அது இரண்டு பக்கமும் சாயும்.

எதிர்மறை இல்லாத 'வேண்டும்'தான் நம்மை ஏமாற்றும். 'டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்பது அக்கறையோடு சொல்லும் யோசனை என்றால் ஷுட். சட்டமோ அலுவலக விதியோ கட்டாயப்படுத்தினால் ஹாவ் டு. பேசுகிறவரே அழுத்திச் சொன்னால் மஸ்ட். அதனால்தான் வாடிக்கையாளருக்கு எழுதும்போது மஸ்ட் அதட்டலாகக் கேட்கிறது. 'யூ மஸ்ட் சென்ட் த ஃபார்ம்' என்பதைவிட 'குட் யூ ப்ளீஸ் சென்ட் த ஃபார்ம்' எவ்வளவோ மேல். இந்த இடத்தில் குட்டுக்கு இறந்தகாலப் பொருள் கிடையாது, குரலைத் தணிக்கிறது, அவ்வளவுதான்.

'லாம்' விகுதியும் இதே மாதிரி பல வேலை பார்க்கும். 'நீங்கள் போகலாம்' என்ற அனுமதிக்குக் கேன் அல்லது மே. 'நாளைக்கு மழை வரலாம்' என்றால் மே அல்லது மைட். 'இட் கேன் ரெயின் டுமாரோ' சரியாக வராது. 'வாங்க, போகலாம்' என்றால் லெட்ஸ் கோ.

அப்புறம், நேற்று ஒரு வேலையை முடித்துவிட்டதைச் சொல்ல 'ஐ குட் ஃபினிஷ் இட்' என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு முறை நடந்து முடிந்த காரியத்துக்கு 'ஐ வாஸ் ஏபிள் டு ஃபினிஷ் இட்' தான் சரி. முடியவில்லை என்றால் 'குடன்ட்' தாராளமாகப் போடலாம். 'கேன் ஏபிள் டு' என்பது ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது, அதை விட்டுவிடுங்கள். கேன், மஸ்ட், ஷுட் இவற்றுக்குப் பின்னால் டு வராது. 'ஹி மஸ்ட் டு கோ' தவறு, 'ஹி மஸ்ட் கோ' சரி.

சரி, அந்த வாடிக்கையாளருக்கு ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டு இன்றைக்கே இப்படி எழுதி அனுப்புங்கள்: 'யூ டோன்ட் ஹாவ் டு கம் இன் பெர்சன் ஆன் சாட்டர்டே, பட் யூ ஆர் மோஸ்ட் வெல்கம்.'