நன்றாகத் தெரிகிறதே, எதற்குக் கண் பரிசோதனை?

இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு நோயையும் கண்ணையும் பற்றிக் கோலாலம்பூர் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும்.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக இனிப்பு நீர். நேற்றிலிருந்து வலது கண்ணில் கருப்பாக ஒட்டடை மிதக்கிற மாதிரி இருக்கிறதாம். வலி இல்லை. சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா? (கெப்போங்)

வேண்டாம். இன்றைக்கே கண் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு, தேவையானால் அவசரப் பிரிவுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நாள்பட்ட இனிப்பு நீரில், கண்ணின் பின்புறம் காட்சியைப் பதிக்கும் விழித்திரைமேல் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைப்பதுண்டு. அவை மிகவும் பலவீனமானவை. அவற்றில் ஒன்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசிந்தால் இப்படித்தான் ஒட்டடையாக, புகையாகத் தெரியும். மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவது போல இருந்தாலோ விழித்திரை விலகுவதாக இருக்கலாம். வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள், விழித்திரைக்கு வலி தெரியாது.

எனக்கு 52 வயது, கார் ஓட்டிப் பிழைக்கிறேன். எட்டு வருடமாக மாத்திரை. ஒவ்வொரு வருடமும் கண் படம் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. சொட்டு மருந்து போட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடுகிறது. கண்ணாடிக் கடையில் சோதித்தால் போதாதா? (செந்தூல்)

போதாது அண்ணே. கண்ணாடிக் கடையில் பார்ப்பது பவரை. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுகிறவருக்கும் உள்ளே விழித்திரை கெட்டுப்போயிருக்கலாம். படத்தில் பார்த்தால் விழித்திரை ஆரஞ்சு நிற நிலா போல இருக்கும். சீனி கூடி நாளானால் அதில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் வரும். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து புடைத்த இடங்கள் அவை. அப்புறம் அவற்றிலிருந்து நீரும் கொழுப்பும் கசிந்து, கடலை மாவு சிந்தியது போல மஞ்சள் துகள்கள் படியும். இதுவரை உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கசிவு நடுப்பகுதிக்கு வந்தபின்தான் பார்வை மங்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். பல வருடப் பழக்கத்தில் விரல்களே பூவைத் தொடுத்துவிடும். ஒருநாள் வலது கண்ணில் தூசி விழ, அதைப் பொத்திக்கொண்டு கூடையைப் பார்த்திருக்கிறார். கூடையின் விளிம்பு தெரிந்தது, நடுவில் மல்லிகை தெரியவில்லை. இடது கண் எப்போது மங்கியது என்று அவருக்கே தெரியாது, வலது கண் அதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறது. இவர் போன்றவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும், ஏனென்றால் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் செய்யக்கூடியது எவ்வளவோ இருந்தது.

சொட்டு மருந்து போட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் கண் கூசும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. ஓய்வு நாளாகப் பார்த்துத் தேதி கேளுங்கள், கறுப்புக் கண்ணாடியும் கூட ஒருவரும் வரட்டும். சிலருக்குச் சொட்டு மருந்து இல்லாமலே படம் எடுக்க முடியும், அதையும் கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்குகள் பலவற்றில் இந்தக் கேமரா இருக்கிறது. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான்.

மாமாவுக்குக் கண்ணில் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு லேசர் செய்த பிறகுதான் பார்வை போனதாம். பயமாக இருக்கிறது. (கோம்பாக்)

பயம் இயல்பு. ஆனால் அந்தத் தெரிந்தவர் எந்த நிலையில் லேசருக்குப் போனார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மிகவும் முற்றிய பின் போயிருப்பார். லேசர் இழந்த பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம், அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி வேறு. விழித்திரையின் நடுவில் வீக்கம் இருந்தால் அதை வற்றவைக்கும் மருந்து அது, பலருக்குப் பார்வை கூடவும் செய்கிறது. மரத்துப்போகும் சொட்டு போட்டு, கண்ணைச் சுத்தம் செய்து, வெள்ளைப் பகுதியில் மிக மெல்லிய ஊசியால் போடுவார்கள். சில வினாடிகள், லேசான அழுத்தம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் மாதம் ஒன்று தேவைப்படும். இரண்டு ஊசியில் தெளிவாகிவிட்டது என்று மாமா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறைய பேர் அங்கேதான் தவறவிடுகிறார்கள். ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினால் அன்றே திரும்பக் கூட்டிவாருங்கள்.

இன்சுலின் தொடங்கியதிலிருந்து பார்வை மாறி மாறி மங்குகிறது. புதுக் கண்ணாடி போடலாமா? (பத்து மலை)

கொஞ்சம் பொறுங்கள். சீனி அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் ஊதிச் சுருங்கும், பவர் மாறிக்கொண்டே இருக்கும். அளவு சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகு கண்ணாடி போட்டால் காசு வீணாகாது. ஆனால் விழித்திரைச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். உயர்ந்த சீனியைச் சட்டென்று இறக்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை தற்காலிகமாக மோசமாவதுண்டு. அதற்காக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

வெள்ளைச் சீனியை விட்டுக் குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) போடுகிறேன், தினமும் பாகற்காய்ச் சாறு. கண் தெளிந்துவிடுமா? (செராஸ்)

குலா மெலாக்காவும் சீனிதான். பாகற்காய் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பலருக்கு 7 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். ரத்த அழுத்தத்தையும் கவனியுங்கள், அது கூடினால் அதே மெல்லிய குழாய்கள்தான் அடிவாங்கும். புகைப்பவர் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

மகளுக்கு ஏற்கெனவே இனிப்பு நீர், இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். (புச்சோங்)

முதல் மூன்று மாதத்துக்குள் கண் பார்க்க வேண்டும், கர்ப்ப காலத்தில் விழித்திரை வேகமாகக் கெடலாம். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், பிள்ளை பிறந்து ஓராண்டு வரை தொடருங்கள். கர்ப்பத்தில் மட்டும் புதிதாக வந்த இனிப்பு நீருக்கு இந்தக் கெடுபிடி பொதுவாகத் தேவையில்லை. உங்கள் மகளுக்கு முன்பே இருப்பதால், அடுத்த கர்ப்பச் சோதனைக்குப் போகும்போதே கண் டாக்டருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள்.