வளைஞ்சு போனது இல்ல தம்பி, வளைச்சது

கேள்வி: கர்ப்பப்பை, வயிறு ஆபரேஷனுக்கென்றே தனித்தனிக் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் யார் கண்டுபிடிக்கிறார்கள்? டாக்டர்களா, இன்ஜினியர்களா?

நான் இரண்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். மதுரையில் லேத் பட்டறையில் பழகிய கை, இங்கே வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கத்தரிக்குச் சாணை பிடிப்பது, கவ்வியின் வாய் நேராகச் சேர்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. ரத்தக்குழாயைப் பிடிக்கும் கவ்வியை முதல் பல்லில் பூட்டி மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவேன். படக்கென்று திறந்துகொண்டால் அது தியேட்டருக்குப் போகக் கூடாது. ஆள் வயிற்றுக்குள் அப்படித் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வந்த புதிதில் ஒரு தட்டு நிறையக் கருவிகள் வந்தன. அதில் ஒரு டீவர் ரிட்ராக்டர். கேள்விக்குறி மாதிரி வளைந்த நீளத் தகடு, வயிற்றைத் திறந்த பிறகு குடலையும் மற்றதையும் ஒதுக்கிப் பிடிப்பதற்கு. இதன் நுனி மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே மடங்கியிருந்தது. எங்கேயோ கீழே விழுந்து கோணிவிட்டது என்று நினைத்து, வைஸில் பிடித்து, இன்னொரு டீவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அச்சு அசலாக நிமிர்த்திப் பாலிஷும் போட்டு அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதைப் பயன்படுத்தும் டாக்டரம்மாவே பட்டறைக்கு வந்துவிட்டார். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. பேசுவதெல்லாம் ஆங்கிலம். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ், கோபம் வந்தால் மட்டும் வெளியே வரும். அன்றைக்கு வந்தது. "தம்பி, அது வளைஞ்சு போனது இல்ல. நான் வளைச்சது!"

என் உள்ளங்கையைக் குழித்துப் பிடிக்கச் சொல்லி அதில் அந்தத் தகட்டை வைத்துக் காட்டினார். பருமனான பெண்களுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்யும்போது குடல் தகட்டின் நுனியைத் தாண்டி வழுக்கி வந்து விழுமாம். நுனியைக் கொஞ்சம் கூடுதலாக மடக்கினால் கொக்கி போலத் தாங்கும். எனக்கு முன்பு அந்தப் பட்டறையில் இருந்தவரிடம் மூன்று தடவை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பார்த்து வாங்கிய வளைவு அது. அதை ஒரே மத்தியானத்தில் நான் அழித்திருக்கிறேன்.

கண்டுபிடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவருக்குக் கை எட்டவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, ரத்தம் நிற்கவில்லை. கையில் இருப்பதை வளைக்கிறார். பிறகு ஒரு கொல்லனையோ என்னைப் போன்ற ஒருவனையோ தேடிப் போகிறார்.

1845இல் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் வளைத்தது ஒரு ஈயக்கலப்புக் கரண்டியை. அதிலிருந்து வந்ததுதான் பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் சிம்ஸ் ஸ்பெக்குலம், இன்றைக்கும் என் மேசைக்கு வருகிறது. கஷ்டப் பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்த பெண்களுக்கு அதை அடைக்கப் பார்த்தார். பட்டு நூல் போட்ட இடமெல்லாம் சீழ் பிடித்தது. கடைசியில் நகை செய்பவரிடம் வெள்ளிக் கம்பி இழுத்து வாங்கித் தைத்தார், 1849இல் ஓட்டை அடைந்தது. ஆனால் அவர் கத்தி வைத்தது அடிமைப் பெண்களின் உடம்பில், அதுவும் மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் சுமார் முப்பது தடவை. பெட்ஸி, லூசி என்று இன்னும் இருவர் பெயர் தெரியும். மற்றவர்கள் பெயர்கூடக் கிடைக்கவில்லை. 2018இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து சிம்ஸின் சிலையை எடுத்துவிட்டார்கள். கருவியை எடுக்க முடியுமா? அது இல்லாமல் பல தியேட்டரில் வேலை ஓடாது. அந்த ஸ்பெக்குலம் கைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அனார்க்கா ஞாபகம்தான்.

சில கருவிகள் வீட்டுத் துக்கத்திலிருந்து வந்தவை. லண்டனில் விக்டர் பானி என்ற டாக்டரின் மனைவிக்கு ஃபைப்ராய்டு கட்டியால் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள், குழந்தை இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்ற வேண்டும் என்று பிறகு அவர் விடாப்பிடியாக நின்றார். அதற்குத் தடையாக இருந்தது ரத்தப்போக்கு. அதனால் கர்ப்பப்பையின் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடித்து ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் ஒரு கவ்வியைச் செய்தார். நம் பக்கத்துக் கதையும் உண்டு. சிசேரியனில் கர்ப்பப்பையின் வெட்டு விளிம்பைப் பிடிக்கும் அகல வாய்க் கவ்விக்கு கிரீன்-ஆர்மிட்டேஜ் என்று பெயர். அந்த டாக்டர் கல்கத்தா ஈடன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்.

வேறு வேலைக்குச் செய்தது வயிற்றுக்கு வந்ததும் உண்டு. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு வயிற்றில் வாயு ஏற்றும் வெரெஸ் ஊசியை ஹங்கேரி டாக்டர் 1930களில் காசநோயாளிகளின் நெஞ்சுக்காகத்தான் செய்தார். உள்ளே ஸ்பிரிங் வைத்த மழுங்கல் முனை. கூர்முனை தசையைத் தாண்டியதும் அது முன்னே பாய்ந்து உறுப்பைக் குத்தாமல் காக்கும். அந்த ஸ்பிரிங் இறுகிப்போன ஊசிகள் என்னிடம் வந்தால் நான் துணிந்து தொடுவதில்லை, புதிது வாங்கச் சொல்லிவிடுவேன்.

இன்ஜினியர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காத தாய்மார்களுக்கு எல்லாவி என்ற பலூனை இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே ஸ்டெல்லன்போஷ் ஊரில் உள்ள சினாபி நிறுவனம் செய்கிறது. கர்ப்பப்பைக்குள் பலூன், மேலே தொங்கும் பையிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி அதை நிரப்பும். பையை எவ்வளவு உயரத்தில் மாட்டுகிறோமோ அதுதான் அழுத்தம். கர்ப்பப்பை சுருங்கினால் தண்ணீர் பைக்கே திரும்பிவிடும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக் கணக்கு!

அந்த டீவரை மறுபடி வளைக்க எனக்கு நான்கு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா கையில் வாங்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார். நான்காவது தடவை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அனுப்புவதற்கு முன்னால் கைப்பிடியின் உட்புறத்தில் 'வ' என்று ஒரு தமிழ் எழுத்தைப் பொறித்திருந்தேன், அடுத்து வருகிறவன் நிமிர்த்திவிடக் கூடாதே என்று. தியேட்டர் நர்ஸுகள் இன்னும் அது கம்பெனி முத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.