42 வயதில் ஓய்வு – கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு வயது 39. சோழிங்கநல்லூரில் வேலை, 16 வருடமாக ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன். மாதச் செலவு 70 ஆயிரம். அதை 25 வருடத்துக்குப் பெருக்கி, 2.1 கோடி சேர்ந்ததும் 42-இல் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் அந்த எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கம். தினமும் டீம் கூடிப் பேசும் ஸ்டாண்ட்-அப் காலில் வாய் திறக்கவே பிடிக்கவில்லை, கோடிங் அலுத்துவிட்டது. போன மாதம் ஊரில் மாமாவின் ரைஸ் மில்லுக்கு பில்லிங் புரோகிராம் எழுதினேன், மூன்று ராத்திரி போனதே தெரியவில்லை. கடன் கணக்குப் பகுதி மட்டும் பாக்கி. என் முடிவு சரியா?

– க.

அன்புள்ள க.,

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இந்த 25 மடங்கு எங்கிருந்து வருகிறது என்றால், முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்கலாம், அப்புறம் விலைவாசிக்கு ஏற்றபடி அதைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற விதியிலிருந்து. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், அந்த ஊர்ப் பங்குகள், பத்திரங்களின் பழைய வருமானத்தை வைத்து, 30 வருட ஓய்வுக்குப் போட்ட கணக்கு அது. 42-இல் விட்டால் 72 வரைக்கும்தான் வரும். இங்கே விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் உங்கள் 70 ஆயிரம் 12 வருடத்தில் 1.4 லட்சம். பணத்தில் பெரும்பகுதி எஃப்டியில் கிடந்தால் அதற்கு ஈடுகொடுக்காது. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸும் வேலையோடு போய்விடும், அப்பா அம்மாவுக்கு இப்போதே தனி பாலிசி எடுத்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ரைஸ் மில்தான். கோடிங் அலுத்துப்போனவர் மூன்று ராத்திரி முழித்து உட்காரமாட்டார். மாமா பட்டனை அழுத்தினால் பில் வருகிறது, வரவில்லை என்றால் உடனே உங்களைக் கூப்பிடுகிறார். ஆபீஸில் ஒரு டிக்கெட்டை, அதாவது கொடுத்த ஒரு வேலையை, முடித்து மூடினால் அடுத்தது வந்து நிற்கிறது, எழுதியதை யார் பயன்படுத்துகிறார்கள் என்றே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

நானும் ஏழு வருடம் ஒரு வங்கி ப்ராஜெக்டில் கிடந்தேன். எந்த நேரமும் அவசரத்துக்குக் கூப்பிடும் என் ஆன்-கால் போனின் ரிங்டோன், ஒருநாள் பஸ்ஸில் வேறு யாரோ ஒருவர் போனில் ஒலிப்பதைக் கேட்டு, நெஞ்சு படபடத்து, இறங்கவேண்டிய ஸ்டாப்பையே தவறவிட்டேன். இந்தத் தொழிலே வேண்டாம் என்றுதான் அப்போது தோன்றியது. சம்பளமில்லாமல் இரண்டு மாதம் லீவு போட்டேன். மூன்று வாரம் தூக்கம்தான், ஐந்தாவது வாரம் நானாகவே லேப்டாப்பைத் திறந்தேன். திரும்பிப் போனதும் வேறு டீம் கேட்டு வாங்கினேன். நீங்களும் ராஜினாமாவுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

கணினி அறிவியல் பேராசிரியர் டொனால்ட் குனூத் 1993-இலேயே, ஐம்பத்தைந்து வயதுவாக்கில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து முன்கூட்டி ஓய்வு பெற்றார். ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ வரிசையை எழுத முழு நேரமும் வேண்டும் என்பதற்காக. அதற்கும் முன்பே, 1990-இல், மின்னஞ்சலை விட்டுவிட்டார். அவருக்கு எதை விடவேண்டும் என்பதும், எதற்காக என்பதும் தெரிந்திருந்தது. உங்கள் ஷீட்டில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

மாமாவின் கடன் கணக்கை இந்த மாதமே முடித்துக் கொடுங்கள். அறுவடை ஆரம்பித்து நெல் வண்டிகள் வரிசைகட்டினால் அவருக்கு அது உடனே வேண்டியிருக்கும்.